வெட்டுக்கிளிக்கும் நோய் வரும்: விஷ மருந்துக்கு மாற்றாக ஒரு பூஞ்சை

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் புல்மேட்டைக் கூர்ந்து பார்த்தால், சில வேளைகளில் விந்தையான ஒரு காட்சி தென்படும். புல்லின் நுனிவரை ஏறிய வெட்டுக்கிளி, தலையை மேல்நோக்கி வைத்துக்கொண்டு, கால்களால் தண்டை இறுகக் கட்டிப் பிடித்தபடியே செத்திருக்கும். யாரும் மருந்தடிக்கவில்லை, பறவையும் கொத்தவில்லை. அதைக் கொன்றது ஒரு பூஞ்சை. பழைய ரொட்டியிலும் ஈரச் சுவரிலும் பூக்கிறதே, அந்தப் பூஞ்சணத்திற்குத் தூரத்துச் சொந்தம்.

வெட்டுக்கிளியைப் புல்நுனிக்கு ஏற வைத்துக் கொல்லும் இந்தப் பூஞ்சைக்கு என்டமோஃபாகா கிரில்லி என்று பெயர். உயரத்தில் செத்தால்தான் அதன் வித்துகள் காற்றில் பறந்து கீழே உள்ள மற்ற வெட்டுக்கிளிகள் மேல் விழும். மனிதர்களுக்குத் தொற்றுநோய் வருவது போல வெட்டுக்கிளிகளுக்கும் வருகிறது. அப்படியானால் அந்த நோயையே மருந்தாக்கித் தெளிக்க முடியுமா? நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகளைத் துரத்திய கேள்வி இது. இன்று அதற்கு விடை கிடைத்திருக்கிறது. அந்த விடை மலாக்கா தோட்டப்புறங்களுக்கும் பயன்படக்கூடியது.

நம் வட்டாரத்து வெட்டுக்கிளி

கோலா சுங்கை பாரு, மஸ்ஜிட் தானா, அலோர் காஜா பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வெட்டுக்கிளி புதிதல்ல. மலாய் மொழியில் ‘பெலாலாங் கூனிட்’ என்று அழைக்கப்படும் பெரிய வெட்டுக்கிளியைப் பலரும் பார்த்திருப்பார்கள். கூனிட் என்றால் மஞ்சள். உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரியும். பறக்கும்போது பின்சிறகின் சிவப்பு பளிச்சென்று காட்டும். வாழை, மரவள்ளி, ரப்பர்க் கன்று, செம்பனைக் கன்று என்று இதற்குப் பிடிக்காத இலை குறைவு.

வளர்ந்த செம்பனை மரத்துக்கு நாலு வெட்டுக்கிளி கடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் நாற்றுமேடையில் உள்ள கன்றுக்கும், புதிதாக நட்ட இளங்கன்றுக்கும், வீட்டுக் கொல்லையில் போட்ட கீரைப் பாத்திக்கும் அது பெரிய இழப்பு. அப்போது உடனே கை போவது மருந்துப் பம்பை நோக்கித்தான். தெளித்த சில மணி நேரத்தில் பூச்சி விழுகிறது, மனம் நிறைகிறது. அந்த மருந்து பூச்சியோடு நின்றுவிடுகிறதா என்பதுதான் கேள்வி.

பூஞ்சை எப்படிக் கொல்கிறது?

பூச்சிக்கொல்லி மருந்துகளில் பல, பூச்சியின் நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை. பூஞ்சையின் வழி வேறு. இன்று வெட்டுக்கிளிக்கு எதிராக அதிகம் பயன்படுவது மெட்டாரைசியம் அக்ரிடம் என்னும் பூஞ்சை. இதன் வித்து கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. பூச்சி இதைத் தின்ன வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. உடம்பில் பட்டால் போதும்.

பட்ட வித்து பூச்சியின் ஓட்டில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு நெல் முளைப்பது போல முளைவிடுகிறது. முளையின் நுனி சற்றே பருத்து, ஓட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓட்டைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. துளை விழுந்ததும் உள்ளே நுழைந்து, பூச்சியின் இரத்தத்தில் பெருகுகிறது. சில நாள்களில் வெட்டுக்கிளி மந்தமாகிறது, தின்பதைக் குறைத்துக்கொள்கிறது, ஒன்று முதல் மூன்று வாரத்திற்குள் சாகிறது. செத்த உடல் செம்மை படர்ந்து காணப்படும். காற்றில் ஈரம் போதுமானதாக இருந்தால் உடலின் மேல் பச்சைப் பொடி பூக்கும். அந்தப் பச்சைப் பொடிதான் அடுத்த தலைமுறை வித்துகள்.

வெட்டுக்கிளி சும்மா இருந்து சாவதில்லை என்பதும் சுவையான செய்தி. நோய் தொற்றியதும் அது வெயிலில் போய்க் குளிர்காய்கிறது. நமக்குக் காய்ச்சல் வந்தால் உடல் தானாகச் சூடேறுவது போல, அது வெயிலின் உதவியால் தன் உடல் வெப்பத்தை 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றிக்கொள்கிறது. அந்த வெப்பத்தில் பூஞ்சையின் வளர்ச்சி தடைபடும். கடும் வெயில் நாடுகளில் மருந்தின் வேலை சில நேரம் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தவறான பூஞ்சை கற்றுத்தந்த பாடம்

இந்த யோசனை புதிதல்ல. 1879இல் ரஷ்ய விஞ்ஞானி மெட்ச்னிகோஃப், இன்றைய உக்ரேனில் உள்ள ஒடெசா வட்டாரத்தில் கோதுமைப் பயிரை அழித்த வண்டுகளின் உடலில் ஒரு பச்சைப் பூஞ்சை பூத்திருப்பதைக் கண்டார். அதை வளர்த்துப் பூச்சிகள் மேல் பயன்படுத்தலாம் என்று முயன்றவர் அவர். பின்னாளில் நோய் எதிர்ப்பு ஆற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908இல் நோபெல் பரிசு பெற்றவரும் அவரே. அன்று அவர் கண்ட பூஞ்சையின் குடும்பம்தான் இன்றைய மெட்டாரைசியம்.

அடுத்து வந்த கதை எச்சரிக்கையானது. 1890களில் தென்னாப்பிரிக்காவில் வெட்டுக்கிளிக் கூட்டம் பெருகியபோது, நோயில் செத்த வெட்டுக்கிளிகளில் இருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்துக் குழாய்களில் அடைத்து விவசாயிகளுக்கு விற்றார்கள். வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள். சில இடங்களில் வெற்றி என்றார்கள். பல இடங்களில் ஒன்றும் நடக்கவில்லை. பின்னர் ஆராய்ந்தபோது, குழாயில் இருந்தது செத்த உடலில் பிறகு வந்து பூக்கும் மியூக்கர் வகைச் சாதாரணப் பூஞ்சணம் என்று தெரிந்தது. கொன்றவன் ஒருவன், பிடிபட்டவன் வேறொருவன் என்ற கதைதான்.

பூஞ்சை என்று பெயர் இருந்தால் மட்டும் அது மருந்தாகிவிடாது. எந்தப் பூச்சிக்கு எந்தப் பூஞ்சை, அதிலும் எந்த இரகம் என்று கண்டறிந்து சோதித்த பிறகே அது மருந்தாகும். இதற்குப் பின் வந்த இரசாயன மருந்துகளின் வேகத்தில், பூஞ்சை ஆய்வு பல பத்தாண்டுகள் பின்தங்கிப் போனது.

ஆப்பிரிக்கா தந்த திருப்பம்

பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் என்றால் நம் ஊர் வெட்டுக்கிளியை வைத்து அளவிட முடியாது. ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் 40 மில்லியனுக்கும் மேற்பட்ட பூச்சிகள் இருக்கலாம். அவை ஒரே நாளில் தின்பது ஏறத்தாழ 35,000 பேர் உண்ணும் உணவுக்குச் சமம் என்கிறது ஐ.நா.வின் உணவு, விவசாய நிறுவனம்.

1980களின் பிற்பாதியில் ஆப்பிரிக்காவில் இத்தகைய படையெடுப்பு நடந்தது. முன்பு பயன்பட்ட டீல்ட்ரின் என்ற மருந்து, மண்ணிலும் உயிர்களின் கொழுப்பிலும் நீண்ட காலம் தங்கிவிடுவதால் கைவிடப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக வேறு இரசாயனங்கள் பெருமளவில் வானில் இருந்து கொட்டப்பட்டன. இதற்கு மாற்று வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1989இல் லுபிலோசா என்ற பன்னாட்டு ஆய்வுத் திட்டம் தொடங்கியது. பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்களும், பெனின் நாட்டில் உள்ள வெப்பமண்டல விவசாய ஆய்வு நிலையமும், நைஜர் நாட்டுப் பயிர்ப் பாதுகாப்புத் துறையினரும் சேர்ந்து உழைத்தார்கள். 2002 வரை திட்டம் நடந்தது.

அவர்கள் முன் இருந்த பெரிய சிக்கல் இதுதான்: பூஞ்சைக்கு ஈரம் வேண்டும், பாலைவனத்தில் ஈரம் ஏது? விடை எண்ணெயில் கிடைத்தது. மெட்டாரைசியத்தின் வித்து தண்ணீரில் எளிதில் கரைந்து கலக்காது. எண்ணெயில் நன்றாகக் கலக்கும். எண்ணெய்த் துளியோடு பூச்சியின் ஓட்டில் பட்டால், சுற்றிலும் காற்று வறண்டிருந்தாலும் வித்து முளைத்துவிடுகிறது. நைஜர் நாட்டு வெட்டுக்கிளி ஒன்றில் கிடைத்த இரகத்தைத் தேர்ந்தெடுத்து, ‘கிரீன் மசில்’ என்ற பெயரில் மருந்தாக்கினார்கள்.

ஒரு ஹெக்டர் நிலத்துக்கு வேண்டியது வெறும் 50 கிராம் வித்து. ஆனால் அந்த 50 கிராமில் இரண்டரை இலட்சம் கோடி வித்துகள் இருக்கின்றன. வளர்ப்பதற்கு வேண்டிய முக்கியப் பொருள் என்ன தெரியுமா? அரிசி. வேகவைத்துக் கிருமி நீக்கிய அரிசியில் பூஞ்சையை வளர்த்து, பச்சைப் பொடியைச் சலித்து எடுக்கிறார்கள்.

2009இல் தான்சானியாவில் செவ்வெட்டுக்கிளிகள் பெருகியபோது, யானையும் நீர்யானையும் ஒட்டகச்சிவிங்கியும் நடமாடும் காட்டவி தேசியப் பூங்காவிலும் ருக்வா ஏரிச் சமவெளியிலும் ஏறத்தாழ 10,000 ஹெக்டரில் இந்த மருந்து விமானம் மூலம் தெளிக்கப்பட்டது. விஷ மருந்து தெளிக்க முடியாத இடம் அது. ஆஸ்திரேலியா 2000ஆம் ஆண்டு முதல் தன் நாட்டு இரகத்தைக் கொண்டு தயாரித்த ‘கிரீன் கார்ட்’ மருந்தை நீர்நிலைகளின் ஓரத்திலும் இயற்கை விவசாயப் பண்ணைகளிலும் பயன்படுத்துகிறது. 2020இல் வெட்டுக்கிளிகள் கிழக்கு ஆப்பிரிக்காவைச் சூழ்ந்தபோது, சோமாலியாவில் பூஞ்சை மருந்து பெரிய அளவில் தெளிக்கப்பட்டது.

அதே 2020இல் இந்தியாவின் ராஜஸ்தானில் நுழைந்த கூட்டம் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா வரை சென்றது. அங்கே பெரும்பாலும் மாலத்தியான் என்ற இரசாயனமே தெளிக்கப்பட்டது. அந்த மே மாதத்தில் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளை வெட்டுக்கிளிகள் மொய்த்த செய்தி பரவி மக்கள் கலங்கினார்கள். வேளாண்மைத் துறையினர் வந்து பார்த்து, இவை பாலைவன வெட்டுக்கிளிகள் அல்ல, உள்ளூர் வகை என்று விளக்கினார்கள். பூச்சி எது என்று அறிந்துகொள்வதே முதல் மருந்து என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மலேசியாவில் இதே பூஞ்சையின் தம்பி

மலேசியாவில் பாலைவன வெட்டுக்கிளி இல்லை. ஆனால் மெட்டாரைசியம் இங்கே வேலை செய்கிறது, எதிரிதான் வேறு. செம்பனையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுதான் அந்த எதிரி. மட்டை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியது போல ‘வி’ வடிவத்தில் இலை குறைந்திருந்தால், அது இந்த வண்டின் கைவரிசை.

மறுநடவுக்காக வெட்டிச் சாய்த்த பழைய மரங்களை முன்பு எரித்தார்கள். காற்றுத் தூய்மையைக் காக்க எரிப்பு நிறுத்தப்பட்டபின், துண்டு போட்ட மரங்கள் அங்கேயே மக்குகின்றன. மண்ணுக்கு அது நல்ல உரம். ஆனால் மக்கும் மரத்தில்தான் வண்டு முட்டையிடுகிறது; புழு மாதக் கணக்கில் அதற்குள்ளேயே வளர்கிறது. அங்கே இருட்டு, ஈரம், நிழல் எல்லாம் உண்டு. பூஞ்சைக்கு இதைவிடச் சிறந்த வீடு எது?

மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் இங்கேயே கிடைத்த மெட்டாரைசியம் இரகங்களைச் சோதித்து, பொடியாகவும் குருணையாகவும் தயாரிக்கும் வழிகளை உருவாக்கினார்கள். மக்கும் குவியல்களில் அதை இட்டால் புழுக்கள் நோயுற்றுச் சாகின்றன. இந்த வண்டைத் தாக்கும் வைரஸ் ஒன்றும் 1960களில் மலேசியாவில்தான் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டு, சமோவா போன்ற பசிபிக் தீவுகளின் தென்னைகளைக் காக்க அனுப்பப்பட்டது. இந்த நாட்டின் மண் உலகுக்குக் கொடுத்த கொடை அது.

கேரளத்தில் காயங்குளம் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் வழிகாட்டலில், மகளிர் குழுக்களே அரை வேக்காட்டு அரிசியில் இந்தப் பூஞ்சையை வளர்த்துத் தென்னை விவசாயிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சாணக்குழியிலும் எருக்குழியிலும் கலந்தால் வண்டுப் புழு ஒழிகிறது. தொழிற்சாலை இல்லாமலே செய்யக்கூடிய வேலை இது என்பதற்கு அவர்கள் சான்று.

பம்பைச் சுமப்பவரின் நிலை

பூஞ்சையைப் பற்றிப் பேசும்போது வெட்டுக்கிளியை மட்டும் பார்த்தால் போதாது. முதுகில் பம்பைச் சுமப்பவரையும் பார்க்க வேண்டும். தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலை நீண்ட காலம் பெண்களின் வேலையாக, அதிலும் தமிழ்ப் பெண்களின் வேலையாக இருந்தது. காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பி, வெயில் ஏறும்வரை தெளித்து, அதே துணியோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கிய தாய்மார்கள் எத்தனையோ பேர்.

2002இல் தெனாகானித்தா அமைப்பும், ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கை அமைப்பும் சேர்ந்து இப்பெண்களின் உடல்நலம் பற்றிய ஆய்வை வெளியிட்டன. தோட்டத்தில் நடப்பது அப்போது வெளியுலகுக்குத் தெரிய வந்தது. அதே ஆண்டில் பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்குத் தடை அறிவிக்கப்பட்டது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி முதல் தேதியன்றுதான். இடையில் கடந்தவை 18 ஆண்டுகள்.

பாராகுவாட் புல்லுக்கு அடிப்பது. பூஞ்சை பூச்சிக்கு அடிப்பது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றல்ல. ஆனாலும் பூச்சி மருந்துக்கும் அதே பம்பு, அதே முதுகு, அதே மூச்சுதான். பட்டியலில் இருந்து ஒரு விஷம் குறைந்தாலும் அந்த முதுகுக்கு அது நிம்மதி. இன்று பல தோட்டங்களில் அந்தப் பம்பை இந்தோனேசியாவில் இருந்தும் வங்காளதேசத்தில் இருந்தும் வந்தவர்கள் சுமக்கிறார்கள். சுமப்பவர் மாறியிருக்கலாம், நுரையீரல் எல்லாருக்கும் ஒன்றுதான்.

மெட்டாரைசியம் அக்ரிடம் வெட்டுக்கிளி இனத்தைத் தவிர மற்ற உயிர்களை அநேகமாகத் தொடுவதில்லை. நோயுற்ற வெட்டுக்கிளியைத் தின்ற பறவைக்கும் கெடுதல் இல்லை. மனிதருக்கும் கால்நடைக்கும் அது விஷமல்ல. எனினும் வித்துப் பொடியைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு ஒவ்வாமை வரலாம். ஆகவே மூக்குக் கவசமும் கையுறையும் இங்கேயும் வேண்டும். இயற்கை மருந்துதானே என்று அலட்சியம் காட்டக் கூடாது.

குறைகளும் உண்டு

முதல் குறை, மெதுவான வேலை. இன்று தெளித்து நாளை பிணம் எண்ண நினைப்பவருக்கு இது ஏமாற்றம் தரும். சிறகு முளைத்து, கூட்டமாகப் பறந்து வந்து, பயிரில் இறங்கிவிட்ட பிறகு பூஞ்சை கைகொடுக்காது. சிறகு முளைக்காத குஞ்சுப் பருவத்தில், புல்லிலும் புதரிலும் தத்திக் கொண்டிருக்கும்போதே தெளிக்க வேண்டும்.

இரண்டாவது, அது உயிருள்ள மருந்து. கொளுத்தும் வெயிலில் கார் பெட்டியில் வைத்துவிட்டால் செத்துப் போகும். சூரியனின் புற ஊதாக் கதிர் வித்தை அழித்துவிடும். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்துக் காலாவதித் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும். மாலை வேளையே தெளிக்க ஏற்றது. பூஞ்சைக்கொல்லி மருந்து அடித்த பம்பைக் கழுவாமல் இதை ஊற்றினால், பூச்சி பிழைக்கும், மருந்து சாகும்.

மூன்றாவது, ஒன்றுக்கு வாங்கியதை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவது. வண்டுப் புழுவுக்குத் தயாரித்த இரகம் வெட்டுக்கிளியை அதே அளவு கொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. தென்னாப்பிரிக்காவின் பழைய தவற்றை நம் கொல்லையில் மறுபடி செய்ய வேண்டியதில்லை.

சிறுதோட்டக்காரர் செய்யக்கூடியவை

முதலில் பூச்சியை அடையாளம் காண வேண்டும். ஐயம் இருந்தால் ஒன்றைப் பிடித்துப் போத்தலில் போட்டு, அருகில் உள்ள விவசாயத் துறை அலுவலகத்தில் காட்டிக் கேட்கலாம். எண்ணிக்கை குறைவென்றால் மருந்தே வேண்டாம். காலையில் குளிர்ச்சியில் மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்துவிடலாம். நாற்றுமேடைக்கு வலை கட்டுவதும் நல்ல பலன் தரும்.

மருந்து வாங்குவதானால், 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவு எண் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். எந்தப் பூச்சிக்கு, என்ன அளவு என்று உறையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவருக்கு வீட்டுப் பிள்ளைகள் படித்துச் சொல்ல வேண்டும். செம்பனை மறுநடவு செய்தவர்கள் மக்கும் குவியலையும், வீட்டில் மாடு வளர்ப்பவர்கள் சாணக் குவியலையும் அவ்வப்போது கிளறிப் பார்ப்பது நல்லது. வெள்ளைப் புழு தெரிந்தால் அதுவே வண்டின் பிறப்பிடம். அங்கே பூஞ்சை இடுவது, பின்னால் மரத்தில் வண்டைத் தேடுவதைவிட எளிது.

எலிக்கு ஆந்தைக் கூண்டு வைத்து, பையுறைப் புழுவின் எதிரிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று சாலையோரம் மஞ்சள் பூச்செடி நட்ட தோட்டங்கள் நம் நாட்டில் ஏராளம். எதிரிக்கு எதிரியை நண்பனாக்கும் அந்த வழியில் இன்னொரு படிதான் பூஞ்சை. மெட்டாரைசியம் நம் காலடி மண்ணிலேயே வாழ்கிறது. கண்மூடித்தனமாக விஷம் கொட்டும்போது, பூச்சியோடு சேர்த்து அந்த நண்பர்களையும் அழிக்கிறோம்.

மூன்று வாரம் பொறுத்திருக்க முடியுமா என்பதே பூஞ்சை மருந்து மனிதனிடம் கேட்கும் ஒரே கேள்வி. இளங்கன்றின் நாலு இலை போகலாம்; தெளிப்பவரின் மூச்சு போகக் கூடாது. இந்தக் கணக்கைத் தோட்ட நிர்வாகங்களும் சிறுதோட்டக்காரர்களும் போட்டுப் பார்க்க வேண்டும்.